யாரையும் நம்பாத சாசனம்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த முதல் வருஷம் கிரெடிட் ஸ்கோர், கார் இன்ஷூரன்ஸ், பனியில் வண்டி ஓட்டுவது என்று ஓடிவிடும். அடுத்த பத்து வருஷம் விசா கவலை. இந்த நாட்டு அரசு எப்படி நடக்கிறது என்பதைக் குடியுரிமைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் நம்மில் பலர் புரட்டிப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான். கேள்வி பதிலை உருப்போட்டுத் தேறிவிடலாம்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே ஓட்டுநர் லைசென்ஸ் தரும் டிஎம்வி நீட்டும் படிவம், நீதிமன்ற ஜூரியில் உட்காரச் சொல்லித் தபாலில் வரும் சம்மன், பிள்ளையின் பள்ளியைப் பற்றி ஸ்கூல் போர்டு எடுக்கும் முடிவு எல்லாம் வாசலுக்கு வந்து நிற்கும். எனக்குத் தாமதமாகப் புரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டை நிறுவியவர்களுக்கு அதிகாரத்தில் இருப்பவர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. அந்த நாற்காலிகளில் தாங்களே உட்காரப்போகிறோம் என்று தெரிந்தும் அந்தச் சந்தேகத்தோடுதான் எழுதினார்கள். புதிதாக வருபவருக்கு இங்கே விநோதமாகத் தெரிகிற பல விஷயங்கள் இந்தச் சந்தேகத்தை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும்.

முதல் படி: பிரகடனத்தை நடுவிலிருந்து படியுங்கள்

1776 ஜூலை 4 அன்று பிலடெல்ஃபியாவில் ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம் நான்கைந்து பக்கம்கூட வராது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைத் தாண்டி நடுப்பகுதிக்குப் போங்கள். அங்கே இருப்பது பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீதான குற்றப் பட்டியல். நாங்கள் சம்மதிக்காமலே வரி போட்டார், நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டார், சமாதான காலத்திலும் படையை நிறுத்தினார், சிப்பாய்களை எங்கள் தலையில் கட்டித் தங்க வைத்தார், பல வழக்குகளில் ஜூரி விசாரணையைப் பறித்தார் என்று நீள்கிறது. வெளிநாட்டவர் குடியுரிமை பெறும் சட்டங்களைத் தடுத்தார் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. விசா வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த வரி பிடிக்கும்.

ஒரு பென்சிலால் ஒவ்வொரு புகாருக்கும் எண் போட்டு வையுங்கள். பிறகு அரசியலமைப்பைப் படிக்கும்போது அதே புகார்களுக்குப் பதில் கிடைப்பதைப் பார்க்கலாம். நீதிபதிகளின் சம்பளத்தைப் பதவிக் காலத்தில் குறைக்கக் கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. வரி மசோதா மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சபையில்தான் தொடங்க வேண்டும். சமாதான காலத்தில் வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் சிப்பாயைத் தங்க வைக்கக் கூடாது என்று ஒரு தனித் திருத்தமே இருக்கிறது. இன்று படித்தால் சிரிப்பு வரும். பட்ட அடியை அவர்கள் மறக்கவில்லை.

இரண்டாம் படி: அரசியலமைப்புக்கு ஒரு மாலை நேரம் கொடுங்கள்

சுமார் 4,500 சொற்கள்தான். இந்திய அரசியலமைப்பின் பருமனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது துண்டுப் பிரசுரம் போலத் தோன்றும். 1787 கோடையில் பிலடெல்ஃபியாவில் கூடிய 55 பேர் எழுதியது. கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். ஏழு பிரிவுகள், இதுவரை 27 திருத்தங்கள்.

முதல் பிரிவு காங்கிரஸைப் பற்றியது, அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றம். அதுதான் மிக நீளம். ஜனாதிபதி இரண்டாம் பிரிவில்தான் வருகிறார். டிவியைப் பார்த்து எல்லாம் வெள்ளை மாளிகையில்தான் நடக்கிறது என்று நினைத்திருந்த எனக்கு இந்த வரிசையே முதல் பாடம். படைத் தளபதி ஜனாதிபதி, ஆனால் போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு. நீதிபதியை நியமிப்பவர் ஜனாதிபதி, ஆனால் செனட் சம்மதிக்க வேண்டும். மசோதாவை ஜனாதிபதி வீட்டோ செய்து நிராகரிக்கலாம், இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதை மீறலாம். மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே தேவைப்பட்டிருக்காது என்று 1788இல் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் சொன்னார் அதை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன்.

இதனால் நமக்கு என்ன? நம் ஆட்கள் எந்த விருந்தில் கூடினாலும் பேசுகிற கிரீன் கார்டு பேக்லாக்கையே, அந்த நீண்ட காத்திருப்பு வரிசையையே எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பு காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. ஜனாதிபதி நினைத்தால் ஒரு கையெழுத்தில் நீக்கிவிட முடியாது. வேலைவாய்ப்பு கிரீன் கார்டுகளுக்கு அந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று அமோகமாக நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் தன் பங்குக்கு ஒன்றை நிறைவேற்றியது. ஆனால் இரண்டும் ஒரே வாசகம் இல்லை. ஒத்துப்போக வைப்பதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, இரண்டும் காலாவதி. இரு சபைகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் இயந்திரம் பழுதாகி இப்படி நடக்கவில்லை. அவசரப்பட்டு எதுவும் சட்டமாகிவிடக் கூடாது என்று 1787இல் வைத்த கதவுகள் இவை. நமக்குப் பாதகமான மசோதாக்களும் அதே கதவுகளில்தான் மோதி நிற்கின்றன.

மூன்றாம் படி: உரிமை யாருக்கு என்று பாருங்கள்

முதல் பத்துத் திருத்தங்கள் 1791இல் வந்தன. உரிமைகள் சாசனம் என்று இவற்றைச் சொல்வார்கள். முதல் திருத்தத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். உங்களுக்குப் பேச்சுரிமை தருகிறோம் என்று அது சொல்லவில்லை. பேச்சு, பத்திரிகை, மதம், கூட்டம், மனுக் கொடுத்தல் இவற்றைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது. உரிமை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அரசு கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பது நினைப்பு.

ஒரு சின்ன ஒப்பீடு. இந்தியாவின் முதல் திருத்தத்துக்குப் பின்னணியில் இருந்த வழக்குகளில் ஒன்று மெட்ராஸ் மாநில அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குப் போட்ட தடை. 1950இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷமே பேச்சுரிமைக்கான வரம்புகளைக் கூட்டி அரசியலமைப்பைத் திருத்தினார்கள். இரண்டு நாட்டிலும் 'முதல் திருத்தம்' என்று ஒன்று உண்டு, ஆனால் அவை போகும் திசை வேறு. அதனால்தான் இங்கே கொடியை எரித்தவரைக்கூடத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னபோது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அப்புறம் 1868இல் வந்த 14ஆவது திருத்தம். அதில் சில இடத்தில் குடிமகன் என்றும் சில இடத்தில் 'எந்த நபரும்' என்றும் வருகிறது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு நபருக்கு உரியது. இந்த ஒரு சொல்லை வைத்துச் சான் பிரான்சிஸ்கோவின் சீனச் சலவைக்காரர்கள் ஜெயித்தார்கள். மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று நகராட்சி விதி போட்டது. கேட்ட மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்தது, சீனர்களுக்கு மறுக்கப்பட்டது. 1886இல் இக் வோ வழக்கில், குடிமகன் அல்லாதவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் உங்களுக்கும் அதேதான்.

நடைமுறையில் சில குறிப்புகள்:

வீட்டுக்குள் வந்து சோதனை போட நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் கேட்கலாம், இல்லையென்றால் சம்மதமில்லை என்று பணிவாகச் சொல்லலாம். அவசர நிலைகளுக்கு விலக்கு உண்டு, அதனால் மல்லுக்கட்ட வேண்டாம். பேசாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை கிடையாது. விமான நிலையக் குடியேற்றச் சோதனையில் விதிகள் வேறு, இதே தைரியத்தை அங்கே காட்டாதீர்கள். 18 வயதான குடிமகன் அல்லாதவர்கள் கிரீன் கார்டு போன்ற தங்கள் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகத் தனியார் கம்பெனி வேலையை விட்டு எடுத்தால், பெரும்பாலும் அது கைகொடுக்காது. எச்-1பிக்காரருக்கு வேலை போனால் விசாவும் ஆடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் பள்ளியில் தினமும் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள். விருப்பமில்லை என்றால் அரசுப் பள்ளி வற்புறுத்தக் கூடாது. 1943இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது வந்த தீர்ப்பு அது. என் மகள் ஒவ்வொரு நாளும் உற்சாகமாகச் சொன்னாள், அது வேறு விஷயம்.

நான்காம் படி: கறையையும் சேர்த்துப் படியுங்கள்

சமத்துவ வரியை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அரசியலமைப்பு அடிமை என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கவும் கூடாது என்றது. இதைச் சரிசெய்ய உள்நாட்டுப் போரும் 13, 14, 15ஆவது திருத்தங்களும் தேவைப்பட்டன. அதற்குப் பிறகும் நூறு வருஷம் போராட வேண்டியிருந்தது.

இதில் நம் கதையும் இருக்கிறது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைச் 'சுதந்திரமான வெள்ளையர்' என்பவர்களுக்குத்தான் தந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டபோது, இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலரிடமிருந்தும் பிறகு பறித்தார்கள். 1946இல்தான் சட்டம் மாறியது, அதுவும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர் என்ற ஒதுக்கீட்டோடு. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இலேயே சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார், குடிமகன் ஆனது 1953இல். நாம் திரளாக வந்து இறங்கியது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முந்தைய வருஷம்தான் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுத் திறந்த வழியில்தான் நாமும் உள்ளே வந்தோம். மற்றவர்களுக்கு முன்மாதிரியான சிறுபான்மை என்று நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்ளும்போது இது மறந்துபோகிறது.

ஐந்தாம் படி: சிட்டி ஹாலுக்கு ஒருமுறை போய் வாருங்கள்

இதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை, அதனால்தான் இதை முக்கியமான படி என்கிறேன். உங்கள் முகவரிக்கு உரிய சிட்டி கவுன்சில், கவுன்ட்டி, ஸ்கூல் போர்டு, மாநிலச் சட்டமன்றம், காங்கிரஸ் உறுப்பினர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். (ஹெச்ஓஏ எனும் வீட்டுக்காரர் சங்கம் அரசாங்கம் கிடையாது, நடந்துகொள்கிற விதம்தான் அப்படி.) வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது பல ஊர்களில். அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று பேசும் கூட்டத்தில் பார்வையாளர் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிடுவார்கள். பொதுமக்கள் பேச ஒரு நேரம் இருக்கும், பல இடங்களில் ஆளுக்கு மூன்று நிமிஷம். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக்கில் பெயர், எந்தப் பகுதி, எந்த விஷயம், என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கினால் ஒரு நிமிஷம் அதிலேயே போய்விடும்.

எங்கள் ஊர்ப் பூங்காவில் கிரிக்கெட் ஆட இடம் கேட்டு ஒருமுறை போனோம். பதினைந்து பேர் போய், பதினைந்து பேரும் கிரிக்கெட்டின் பெருமையைப் பேசினோம். கவுன்சிலர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை மூன்றே பேர். ஒருவர் வார இறுதியில் எத்தனை அணிகள் இடமில்லாமல் அடுத்த ஊருக்குப் போகின்றன என்று கணக்குக் கொடுத்தார். இன்னொருவர் பூங்காவை ஒட்டிக் குடியிருக்கும் முதியவர், அமெரிக்கர். பந்து தன் ஜன்னலில் படுமோ என்று பயந்தவரிடம் நாங்கள் முன்பே போய்ப் பேசி, ஆடுகளத்தைத் திருப்பிப் போட ஒப்புக்கொண்டிருந்தோம். அவரே ஆதரித்துப் பேசினார். ஞாயிறு காலைகளில் ஒரு மேட்டிங் பிட்ச் கிடைத்தது. முதல் திருத்தத்தில் வருகிற மனுக் கொடுக்கும் உரிமையை நான் பயன்படுத்திய முதல் இடம் அந்த மைக்தான்.

காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தையும் மறக்காதீர்கள். குடியேற்றத் துறையில் உங்கள் விண்ணப்பம் வெகுநாள் அசையாமல் கிடந்தால், ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் விசாரிப்பார்கள். நீங்கள் ஓட்டுப் போட முடியாதவர் என்பது தடையில்லை. வரிசையில் முந்த வைக்க முடியாது, எங்கே சிக்கியிருக்கிறது என்று பதில் வாங்கித் தருவார்கள்.

ஆறாம் படி: குடிமகன் ஆகும்வரை செய்யக் கூடாதவை

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். லைசென்ஸ் எடுக்கும்போது டிஎம்வி ஊழியர் பழக்கதோஷத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்பார். படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கும். டிக் அடிக்காதீர்கள், கையெழுத்திடும் முன் இன்னொரு முறை பாருங்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடுகடத்தல்வரை போகலாம், மன்னிப்பு கிடைப்பது மிக மிக அரிது. தெரியாமல் செய்தேன் என்பது நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய கயிறு இல்லை. மேரிலாண்டின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் உள்ளூர்த் தேர்தலில் மட்டும் குடிமகன் அல்லாதவரும் ஓட்டுப் போடலாம். அப்படி ஓர் ஊரில் இருந்தாலும் வக்கீலைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஜூரி சம்மனும் வரும். ஓட்டுநர் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள் என்பதால் நமக்கும் வந்துவிடுகிறது. குப்பையில் போடக் கூடாது. குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள், நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்-1பி, மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது. சம்பளமில்லாமல் வீடு வீடாகப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம்.

ஏழாம் படி: தேர்வும் சத்தியப் பிரமாணமும்

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் முடிய 90 நாள் இருக்கும்போதே குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தைப் போடலாம். அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு மூன்று வருஷம். ஐந்து வருஷத்தில் குறைந்தது 30 மாதம் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஊரில் பேரக்குழந்தை பார்க்கப் போய் நீண்ட நாள் தங்கும் பெற்றோர் இதில்தான் தவறுகிறார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி. 50 வயதாகி கிரீன் கார்டோடு 20 வருஷம், அல்லது 55 வயதாகி 15 வருஷம் இருந்தவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 வருஷமும் ஆனவர்களுக்குக் கேள்விப் பட்டியலே 20தான், பத்தில் ஆறு சொன்னால் போதும். என் அம்மா சமையல்கட்டில் கேள்விகளைக் கேசட் போல ஒப்பித்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்ற கேள்விக்கு அதிகாரியிடம், "யாரும் சட்டத்துக்கு மேலே இல்லைங்க, உங்களையும் சேர்த்துத்தான்" என்று தமிழில் சொன்னாராம். மொழிபெயர்ப்பாளர் பின்பாதியை விழுங்கிவிட்டார்.

சத்தியப் பிரமாணத்தில் நீங்கள் காப்பதாக உறுதியளிப்பது அரசியலமைப்பையும் சட்டங்களையும். ஜனாதிபதியின் பெயரோ கட்சியோ அதில் வராது. ஜனாதிபதியும் தன் பதவிப் பிரமாணத்தில் அதே அரசியலமைப்பைக் காப்பதாகத்தான் சொல்கிறார். பிற நாட்டுப் பற்றுறுதியைத் துறப்பதாக வரும் இடத்தில் பலருக்குத் தொண்டை அடைக்கும், எனக்கும் அடைத்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், பிறகு இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இலங்கையில் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழியுண்டு.

எட்டாம் படி: ஓட்டும் ஜூரியும்

முதல் வாக்குச்சீட்டைப் பார்த்ததும் மலைத்துப்போனேன். மேலே ஜனாதிபதி, கீழே இறங்க இறங்க ஷெரீஃப், நீதிபதி, ஸ்கூல் போர்டு, தண்ணீர் வாரியம், ஊர் கடன் பத்திரங்கள் வெளியிடலாமா என்ற கேள்விகள். மாதிரி வாக்குச்சீட்டு முன்கூட்டியே கிடைக்கும். அதைக் கீழிருந்து மேலாக நிரப்பிப் பாருங்கள். மேலே உள்ளதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே அபிப்பிராயம் இருக்கும். கீழே உள்ளவை சில நூறு ஓட்டில் முடிவாகிவிடும்.

ஜூரி சம்மன் இப்போது வந்தால் போக வேண்டும். இந்தியாவில் ஜூரி முறை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, அதனால் நமக்கு இது புதுசு. அரசு ஒருவரைச் சிறையில் தள்ள வேண்டுமென்றால், சம்பளம் வாங்கும் நீதிபதி மட்டும் போதாது, தெருவில் போகிற ஆட்களை, பெரும்பாலும் பன்னிரண்டு பேரை, சம்மதிக்க வைக்கட்டும் என்பது ஏற்பாடு. கடுமையான குற்றத்தில் ஜூரியில் உள்ள எல்லோரும் ஒருமனதாக இருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. மன்னர் பறித்தார் என்று புகார் எழுதினார்களே, அது இதுதான்.

பெரும் பணம் கிடைக்காது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் நாளுக்கு 50 டாலர், மாநிலங்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அன்றைய தேதி ஒத்துவராவிட்டால் பல இடங்களில் ஒருமுறை தள்ளிப்போடச் சம்மதிப்பார்கள். புத்தகம் ஒன்றும் ஸ்வெட்டர் ஒன்றும் கொண்டுபோங்கள், காத்திருக்கும் அறையில் ஏசி நடுக்கும். சம்மனில் ஒரு குழு எண் இருந்தால் முந்தைய நாள் மாலை போன் செய்து சரிபாருங்கள். பாதி நேரம் உங்கள் குழு வர வேண்டியதே இருக்காது.